கணக்கில் சேராத தேங்காய்

போன வருடம், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. பாறசாலைக்குப் பக்கத்தில், என் மகள் இரண்டாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்துக்குச் சண்டை போடத்தான் போனேன். மனசுக்குள் நாலு வார்த்தை தயாராக இருந்தது. ஒன்றும் நல்ல வார்த்தை இல்லை.

காரணம் கணக்கு. எண்ணி எழுதச் சொன்னால் அவளுக்குத் தப்பாகவே வந்தது. டியூஷனுக்கு அனுப்பினேன். அந்த ஆள் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, "இவளுக்கு மண்டையில ஏறாது, வேற வழி பாருங்க" என்று அவள் முன்னாலேயே சொன்னார். அதற்குப் பிறகு பிள்ளைக்குக் காலையில் வயிற்றுவலி. மருந்து கொடுத்தால், "வயிறு இல்லம்மா, நான் மண்டு ஆக்கும்" என்றாள். ஏழு வயது. அன்றே முடிவு செய்தேன். இங்கே சொல்லிக்கொடுப்பது சரியில்லை, இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம், டி.சி. வாங்கி நெய்யாற்றின்கரையில் சேர்ப்போம்.

இதற்கு நடுவில் பரீட்சைத் தாள் வந்தது. அதில் மார்க்கே போடவில்லை. ஓரத்தில், அம்மாவோ அப்பாவோ வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தது. மார்க்குப் போடக்கூடச் சோம்பேறித்தனமா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது.

டீச்சர் என்னைவிடச் சின்னவள். "இருங்கக்கா" என்றாள்.

"இருக்கதுக்கு வரல்ல டீச்சர். டி.சி. வாங்க வந்தேனாக்கும்."

அவள் முகம் மாறவில்லை. "தாறேன். அதுக்கு முன்ன எனக்கொரு உதவி செய்யணும். எனக்கு ஒண்ணு புரியல்ல" என்றாள்.

டீச்சருக்கே புரியவில்லையாம், என்னிடம் கேட்கிறாளாம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்துக்குக் கீழே என்றால் என் மகள் ஒருநாளும் தப்பு செய்வதில்லை, அதற்கு மேலே போனால் மட்டும்தான் தப்பு செய்கிறாள் என்றாள். பன்னிரண்டைப் பதினொன்று என்று எழுதுவாள். இருபத்தைந்தை இருபத்துமூன்று என்பாள். முப்பத்தாறு என்றால் முப்பத்துமூன்று. "ஒண்ணும் தெரியாத பிள்ளை இவ்வளவு ஒழுங்கா தப்பு செய்யாதுக்கா. அவளுக்குள்ள ஏதோ ஒரு கணக்கு உண்டு. அது தெரியாம நான் எப்படி மார்க்கு போட?"

மகளைக் கூப்பிட்டு, டப்பாவிலிருந்து புளியங்கொட்டையை மேசையில் கொட்டினாள். இருபத்தைந்து கொட்டை. பத்துப் பத்தாகக் கூட்டி எண்ணச் சொன்னாள்.

மகள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே எண்ணினாள். பத்து எண்ணி ஒரு குவியல் வைத்தாள். பிறகு ஒரு கொட்டையை எடுத்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். இன்னொரு பத்து. மறுபடியும் ஒரு கொட்டை ஓரத்துக்குப் போனது. மிச்சம் மூன்று. "இருபத்துமூணு" என்றாள்.

"ஓரத்தில கிடக்க ரெண்டும் என்னது மக்கா?"

"அது கணக்கில சேராது டீச்சர்."

"இதுதான்க்கா. ஏன் சேராதுன்னு கேட்டா, 'அது அப்படித்தான்'னு சொல்லுதா."

அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும்.

எங்களுக்குத் தேங்காய் வியாபாரம். காயை எண்ணும்போது நூறு ஆனதும் ஒரு காயைத் தனியாக உருட்டி வைப்போம். அந்தக் காய் நூறில் சேராது, வாங்குகிறவருக்குக் கொசுறு. கடைசியில் தனியாகக் கிடக்கும் காயை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு வந்தால் அந்தக் காயை உருட்டுவது என் மகளின் வேலை. "அதைக் கணக்கில சேக்காதே மக்கா" என்று அவள் அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அவரிடம் நூறுக்கு ஒன்று. இவளுக்குத் தெரிந்த பெரிய கட்டு பத்துதான், அதனால் பத்துக்கு ஒன்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊர் முழுக்க இப்படித்தான் எண்ணும் என்று நினைத்திருக்கிறாள்.

நான் சொல்லி முடித்ததும் டீச்சர் சிரித்துவிட்டாள். "எடி கள்ளி, என் கொட்டையெல்லாம் யாருக்கு கொசுறு கொடுத்தே?" என்று கேட்டாள். மகள் முதலில் முழித்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று!

கொசுறு களத்தில் மட்டும், வகுப்பில் கிடையாது என்று டீச்சர் சொன்னாள். அவ்வளவுதான் பாடம். மகள் உடனே ஓரத்துக் கொட்டைகளைத் திரும்ப இழுத்தாள். "அப்போ இருபத்தஞ்சு" என்றாள். நாங்கள் பேசி முடிக்கும்வரைக் காத்திருந்துவிட்டு, "நான் மண்டு இல்லியா டீச்சர்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டி.சி. வாங்கவில்லை. டியூஷன்காரரைப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கென்று வைத்திருந்த நாலு வார்த்தையும் அவருக்குப் போயிற்று. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்போதும் பரீட்சை முடிந்தால் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் எத்தனை மார்க்கு, எத்தனை மார்க்கு என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. தப்பாக எழுதிய பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, 'நீ எப்படி எண்ணினே, காட்டு' என்று கேட்க ஒருத்தி இருந்ததால்தான் என் மகள் இன்றைக்கு வயிற்றுவலி இல்லாமல் பள்ளிக்கூடம் போகிறாள்.