அமாவாசையில் பதிந்த குரல்

எழுபதுகளில் சின்ன காஞ்சிபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஜரிகை வியாபாரம் செய்த பாய் ஒருவர் டேப் ரிக்கார்டரும் ஹெட்போனும் கொண்டுவந்தார். கேசட்டில் இருந்தது, இறந்துபோன அவர் மனைவியின் பேச்சு. வீட்டில் யாருக்கும் கேட்காமல் தினமும் சாயங்காலம் போட்டுக் கேட்பாராம். சத்தம் போதவில்லை என்றார். சோப்பு டப்பாவுக்குள் சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் வெளுத்த முகத்தோடு வந்தார். டப்பாவை மாட்டியதிலிருந்து மனைவியின் குரலுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்கிறதாம். பதிந்ததோ அமாவாசை அன்று. அன்றைக்கு எங்கள் ஊர் நெசவாளிகள் தறியில் உட்கார மாட்டார்கள். தெரு அமைதியாக இருக்கும் என்றுதான் அந்த நாளைப் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள்.

"அவ மூச்சு வாங்க நிறுத்துனா தறியும் நிக்குதுபா. உன் டப்பாதான் இத்த சேக்குதுன்னு சொல்லு, கழட்டிப் போட்டுட்டு எப்பவும் போல கேட்டுக்கினு இருப்பேன். டேப்புலயே இருக்குதுன்னா இனிமே என்னால அத்த தொட முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. என் டப்பா சத்தத்தைக் கூட்டும். இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? அவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். டப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் சத்தம் ஒரே அளவாக வரும்படி குறைத்து வைத்து, பத்து முறை மாற்றி மாற்றி மாட்டினேன். எப்போது டப்பா இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தறி மட்டும் பத்து முறையும் அவருக்குக் கேட்டது. டேப்பில் முன்பே மெல்லியதாக இருந்ததை டப்பா ஒருமுறை கூட்டிக் காட்டியதும், காது அதற்குப் பழகிவிட்டிருந்தது.

"பாத்தீங்களா பாய், டப்பா மேல தப்பில்ல" என்றேன். ஜெயித்துவிட்ட குஷி எனக்கு.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டப்பா கோளாறு என்று ஒரு பொய், அவ்வளவுதானே கேட்டார் அந்த மனுஷன்? அதற்குக்கூட எனக்கு வாய் வரவில்லையே, சே.

இரண்டு நாள் கழித்து, டப்பா இல்லாமல் ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு நானே கேட்டேன். அந்தம்மா ஏதோ வீட்டு விஷயம் பேசிக்கொண்டே போகிறார். பின்னால், மெல்லியதாக, தறி. கடைசியில், "என்னங்க, கேக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறார்.

தறியும் நின்றது. பதில் சொல்ல வேண்டியவரை நான்தான் அனுப்பிவிட்டிருந்தேன்.