களி சாப்பிட்ட வாய்

வாய் திறக்க முடியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது வலி அல்ல. மொரப்பூரில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கணவர் வாங்கிக் கொடுத்த கொய்யாவைக் கடிக்க முடியவில்லை. பல்லுக்கு நடுவே ஒரு விரல்தான் நுழைந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பைக்கிலிருந்து விழுந்து மோவாய் கிழிந்திருந்தது. தையல் போட்டார்கள், ஆறிவிட்டது. ஆனால் வலது காதருகே தாடை மூட்டும் உடைந்து, மண்டை எலும்போடு ஒட்டிப்போயிருந்தது (இதை ‘அங்கிலோசிஸ்’ என்கிறார்கள்: மூட்டு அசைவில்லாமல் எலும்பாக இறுகிவிடுவது).

“ரெண்டு வருஷமா எப்படிம்மா கவனிக்காம இருந்தீங்க?” என்று கேட்டார் சென்னையில் எனக்குச் சிகிச்சை அளித்த பெண் மருத்துவர்.

“சோறு தண்ணி எறங்கிட்டுதானுங்க இருந்துச்சு” என்றேன்.

ஸ்கேன் எடுத்து என் மண்டையோட்டைக் கணினித் திரையில் கொண்டுவந்தார்கள். எங்கே அறுப்பது, திருகாணி எங்கே முடுக்குவது என்பதெல்லாம் அதிலேயே முடிவானது. டைட்டானியத்தில் ஒரு தாடைத் துண்டு, அது அசைய ஒரு பிளாஸ்டிக் குழி. என் அளவுக்கென்றே செய்வதால் வேறு யாருக்கும் பொருந்தாது. பிளாஸ்டிக்கில் அச்சிட்டெடுத்த என் தாடையின் மாதிரியைக் கையில் கொடுத்தார்கள். “செத்த பெறவு பொறுக்க வேண்டிய எலும்ப இப்பவே பாத்துக்க” என்று கணவரிடம் நீட்டினேன்.

“அத கீழ வைம்மே” என்றார். முகம் வெளுத்துவிட்டது.

மூட்டு செய்துவர மூன்று மாதம் ஆனது. அந்த நாட்களில் எனக்கு ஒரே பயம் வாந்திதான். வந்தால் வெளியேற வழியில்லை, மூச்சடைத்துப் போய்விடுவேன். பென்னாகரம் பஸ்ஸில் ஏறுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் மூன்று விரல் நுழைந்தது. வலப்புருவத்தைச் சில வாரம் தூக்க முடியவில்லை (முகநரம்பு சோர்ந்துபோவதால் இப்படி ஆகும்). அது பெரிதாகத் தெரியவில்லை. என் நாக்கை நானே கண்ணாடியில் பார்த்து அழுதேன்.

தினமும் ஐந்து முறை ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி வாயை விரிக்கச் சொல்லியிருந்தார்கள். உயிர் போகிற வலி. இரண்டு முறை செய்துவிட்டு ஐந்து என்று சொன்னேன். மருத்துவர் போனில், “நல்லா சாப்பிடறீங்களா?” என்பார். மூன்று வேளையும் என்பேன். மெல்லுவதும் பயிற்சிதானே என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் ஒன்றரை விரல்தான் நுழைந்தது. அவருக்குப் புரியவில்லை. தன் எதிரிலேயே சாப்பிடச் சொன்னார். டிபன் டப்பாவில் இருந்த ராகிக் களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்கினேன்.

“மெல்லவே இல்லையேம்மா!”

“களிய யாருங்க மெல்லுவாங்க?”

எங்கள் பக்கம் களியை மென்றால் சிரிப்பார்கள். அப்படியே தொண்டைக்குள் இறக்கிப் பழகியவர்கள் நாங்கள். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். இரண்டு வருடம் என் வாய் பூட்டிக்கொண்டது எனக்கே தெரியாமல் போனது எப்படி என்று அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. அதே களிதான் இப்போதும் என்னை ஏமாற்றியிருந்தது. இல்லை, என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

“மூட்டு சரியா இருக்கு. சுத்தி இருக்கற தசைதான் இறுகிடுச்சு. மூணாவது விரல் இனி வருமான்னு சொல்ல முடியாதும்மா.”

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன். ஐந்து முறையும் குச்சி வைக்கிறேன். கணவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு விரல் வரை வந்திருக்கிறது. ஒரு வேளை தவறினாலும் அடுத்த வேளை காட்டிக்கொடுத்துவிடுகிறது. உங்களுக்குச் சொல்வது இதுதான்: வலிக்குப் பயந்து மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள்.

தூக்கத்தில்தான் அதிகம் இறுகுகிறது. காலையில் கண் திறக்கும் முன்பே வாயைத் திறந்து பார்க்கிறேன். திறந்த பிறகுதான் கணவரைக் கூப்பிடுகிறேன். அதுவரை அவர் தூங்குவதுபோல அசையாமல் கிடக்கிறார். எனக்கு முன்பே விழித்துவிடுகிறார் என்பது எனக்குத் தெரியும்.