மொட்டைமாடி முருங்கைக்குச் சந்தனம்

எங்கள் மொட்டைமாடியில் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. பழைய சாரக் குழாய்களை வெட்டி என் வீட்டுக்காரர் வெல்டிங் வைத்த மரம். பன்னிரண்டு இலைகள். ஒவ்வொரு இலையும் ஒரு சின்ன சோலார் பலகை. பூக்காது, காய்க்காது, சாம்பாருக்கு ஆகாது. ஆனால் பகலில் கரண்ட் போனால் என் மூச்சு அங்கிருந்துதான் வருகிறது.

நான் ராயபுரத்துப் பெண். கல்மண்டபத்துப் பக்கம் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். பல வருடம் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வெல்டராக இருந்தவரைப் பிடித்துப்போய், வீட்டில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கவலையில்லை என்று கட்டிக்கொண்டு இந்தச் சந்துக்கு வந்தேன். அவர் சாமி அவருக்கு, என் மாதா எனக்கு. சண்டையெல்லாம் குழம்பில் புளி தூக்கலா குறைவா என்பதில்தான்.

நான்கு வருடத்துக்கு முன் என் நுரையீரல் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. நாளில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் ஒரு மெஷினை எழுதிக் கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் புஸ் புஸ்ஸென்று நிற்கும். அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு குழாய் வழியாக என் மூக்குக்கு அனுப்பும். அந்தக் குழாய் அடுப்படி வரை வரும், வாசல்படி வரை வரும். மாடிக்கு வராது. ஊரையே அளந்து நடந்தவளுக்கு அந்தக் குழாய்தான் எல்லை என்று ஆனபோது, முதல் ஒரு மாதம் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்தான். குழாயில் சிக்கு விழாமல் தினமும் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கோடையில் எங்கள் பக்கம் மதியம் போகிற கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் இருந்த பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் சின்ன சிலிண்டர், அதுவும் அவசரத்துக்குத்தான். என் தம்பி ஊரின் தென்கோடியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். அங்கே ஜெனரேட்டர் உண்டு. "அக்கா, எங்க வூட்டுக்கு வந்துடு. இங்க இருந்தா என்னிக்காவது ஒரு நாள் விபரீதமாயிடும்" என்று ஞாயிறுதோறும் சொன்னான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அங்கே போனால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் காலை ஆறு மணிக்கு யார்டில் நிற்கவேண்டியவர் என்னோடு வர முடியாது. முப்பது வருடம் ஒரே பாயில் படுத்துவிட்டு, இனி வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் சோலார் யோசனை வந்தது. எங்கள் மாடி கைக்குட்டை அளவு. பாதியைத் தண்ணீர்த் தொட்டி தின்றுவிட்டது, மீதியில் துணிக்கொடி. மேற்கே பக்கத்து வீடு எங்களைவிட ஒரு மாடி உயரம், அதன் உச்சியிலும் ஒரு தொட்டி. பெரிய பலகைகளைப் படுக்கப் போட இடமில்லை. போட்டாலும் புயல் காற்று கூரைத் தகடு மாதிரி பிய்த்துக்கொண்டு போய்விடும்.

என் கட்டிலுக்கு எதிர் ஜன்னலில் பக்கத்து வீட்டு முருங்கை தெரியும். வேறு எதைப் பார்ப்பது? நாள் முழுக்க அதைத்தான் பார்த்தேன். நிற்பது ஒரு சாண் மண்ணில். ஆனாலும் எல்லாக் கிளைக்கும் வெயில் கிடைக்கிறது. ஒரு இலைக்காம்பு மேலே, ஒன்று கீழே, ஒன்று சற்றுத் தள்ளி. ஒன்றின் நிழலில் ஒன்று நிற்பதில்லை. பொடிப்பொடி இலை என்பதால் காற்று நடுவில் புகுந்து போய்விடுகிறது. ஒரு நாள் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து அவரிடம் நீட்டினேன். ஒரு கம்பம், ஆறு கிளை, கிளைக்கு இரண்டு பலகை.

நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாமே இது, முருங்கமரமா?" என்றார். பிறகு, "செஞ்சிரலாம்" என்றார்.

அந்த "செஞ்சிரலாம்"க்கு இரண்டு மாதம் ஆனது. வேலை முடிந்து வந்து மாடியில் அவர் குழாய் அறுக்கும் சத்தம் கீழே எனக்குக் கேட்கும். இணைப்புக் கணக்கை நான் சொன்னேன். ஆறு ஆறு பலகையாகப் பூச்சரம் மாதிரி ஒன்றின் வாலில் ஒன்றைக் கோத்தால் மெல்லிய கம்பியே போதும் என்றேன். அப்படியே கோத்தார். நடுவில் ஒரு வியாபாரி வந்து, கண்ணாடிமேல் தாமரை இலை மாதிரி ஒரு பூச்சு பூசித் தருகிறேன், தூசி ஒட்டாது, தண்ணீர் பட்டால் உருண்டு ஓடிவிடும் என்றான். "துறைமுகத்துக் கரித்தூளும் கடல் உப்பும் சேர்ந்து விழுற குளத்துல உங்க தாமரை மொளச்சிருக்கா தம்பி?" என்று கேட்டேன். போய்விட்டான். தினமும் காலையில் அவரே ஒரு கழியில் ஈரத்துணியைக் கட்டிப் பன்னிரண்டு இலையையும் துடைத்தார்.

மரம் வேலை செய்தது. ஆனால் மதியம் மூன்று மணி வரைதான். மூன்றடித்தால் சோலார் வரவைக் காட்டும் மீட்டர் சட்டென்று படுத்துவிடும். வெயில் அப்படியே காய்ந்துகொண்டிருக்கும், இது மட்டும் படுத்துவிடும். அந்த நேரத்தில் கரண்டும் போனால், தீரப்போகிறேன் என்று பேட்டரி கத்தத் தொடங்கும். பேட்டரியைத் திட்டினோம், கம்பியை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு முறை நான் சிலிண்டருக்குப் போகவேண்டி வந்ததும் தம்பி முடிவெடுத்துவிட்டான். "ஆயுத பூஜை முடிஞ்ச ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துனு வரேன். ரெடியா இரு." அவர் பரண்மேல் இருந்த பையை இறக்கித் துடைத்து வைத்தார். என் புடவைகளை அவர்தான் மடித்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, தகடு ஒட்டுகிற கவனத்தோடு.

ஆயுத பூஜை வந்தது. யார்டில் கிரேன், லாரி, வெல்டிங் செட் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசுவது வருடாவருடம் அவர் வேலை. கிரேனுக்குப் பூசுகிற கையே வேறு. அவ்வளவு பெரிய உடம்பில் விரலால் தொட்டு வைத்தால் எங்கே தெரியும்? உள்ளங்கை நிறைய அள்ளி மூன்று பட்டை இழுத்து, நடுவில் கெட்டியாகக் குங்குமம் வைப்பார்கள். அன்று விடியற்காலையில் கிண்ணத்தோடு மாடிக்குப் போனார். துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு யார்டு பூஜைக்குக் கிளம்பிப் போனார்.

பத்து மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. நல்ல வெயில், பயமில்லை என்று படுத்திருந்தேன். ஒரு மணி நேரம் போவதற்குள் பேட்டரி கத்தியது. மீட்டரில் வெயிலிலிருந்து அநேகமாக ஒன்றுமே வரவில்லை. போன் போட்டு, "யோவ், கத்துது" என்றேன். அதற்குமேல் பேச மூச்சில்லை.

பூஜைச் சட்டையோடு, நெற்றியில் பட்டையோடு ஓடி வந்தார். சிலிண்டரை மாட்டிவிட்டு மாடிக்குப் பாய்ந்தார். திரும்பி வந்தபோது கை முழுக்க ஈரச் சந்தனம்.

"நான்தாம்மே. காலைல பலகைக்குச் சந்தனம் பூசிட்டேன். உனக்கு மூச்சு குடுக்கறதாச்சே, அதுக்குப் பூசாம இன்னாத்துக்குப் பூசறதுன்னு நெனச்சேன். கண்ணாடிய மறைச்சிட்டனே. நானே உன் மூச்ச அடச்சிட்டனே." தரையில் உட்கார்ந்து அழுதார். முப்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அவர் தலையில் கையை வைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வாத்தியார் புத்தி எங்கே போகும்? மூச்சு சமனானதும், "எத்தினி பலகைக்குப் பூசின?" என்று கேட்டேன்.

"ரெண்டு. கீய கீற ரெண்டு தான். மேல எட்டல."

"ஆறுல ஒண்ணு, அந்தாண்ட ஆறுல ஒண்ணு. மீதி பத்து சுத்தமாத்தான கீது? அது ஏன் நின்னுச்சு?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கிறிஸ்துமஸ் ஸ்டாரைச் சுற்றி நாங்கள் மாட்டும் சீரியல் செட் ஞாபகம் வந்தது. ஒரு பல்பு போனால் சரமே அணைந்துவிடும். எந்தப் பல்பு என்று தேடித்தேடி டிசம்பர்தோறும் அவர் கெட்ட வார்த்தை பேசுவார், நான் மாதா படத்துக்கு முன்னால் பேசாதே என்பேன். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்! என் மூச்சுக்கான கம்பியை மட்டும் சரமாகக் கோக்கச் சொல்லியிருக்கிறேன்.

"மூணு மணிக்கு அந்த ரெண்டு பலகைமேல இன்னா வுயுது?"

யோசித்தார். மெல்ல, "பக்கத்து வூட்டுத் தொட்டி நெயலு" என்றார்.

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வந்து அந்த முருங்கையின் ஒரு கிளையை மொட்டையடித்துவிட்டுப் போகும். மற்றக் கிளைகள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் பூத்துக்கொண்டிருக்கும். மரத்தைப் பார்த்து இலை எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொண்டேன். ஒரு இலை வாடினால் அடுத்த இலை பட்டினி கிடப்பதில்லை என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

"நீ பூசின, நான் கோத்தேன். ரெண்டு பேரும் சேந்துதான் அடச்சோம். எய்ந்திரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. யார்டு எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டி வந்து, பன்னிரண்டு பலகைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து, கம்பத்தின் அடியில் தடித்த கம்பியில் சேர்த்தார்கள். பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவிலிருந்த சார்ஜ் பெட்டியையும் அதற்கேற்ப மாற்றினார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பை மட்டும் வாசல் பக்கம் கட்டிவைத்தபடியே இருந்தது.

தம்பி சாப்பாட்டு நேரம் கழிந்து வந்தான். பையில் கை வைக்கப் போனவனை, "உக்காரு மச்சான், டீ குடி" என்று உட்காரவைத்து, மூன்று மணிக்கு மெயின் சுவிட்சை அவரே அணைத்தார். மின்விசிறி நின்றது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் தொட்டி நிழல் கீழ் இலைகளில் ஏறியிருக்கும். மீட்டர் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது.

"இது ஒரு நாள் கூத்து மாமா. அந்தப் பலகைமேல வேற எதுனா வுயுந்தா?" என்றான் தம்பி. அவனுக்கும் பயம். அக்கா என்று அவனுக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

அவர் பையின் ஜிப்பைத் திறந்தார். மேலாக இருந்த, மாதா கோயிலுக்கு நான் கட்டும் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு மாடியேறினார். தம்பியும் பின்னால் போனான். கீழே நான் மெஷினின் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புஸ். புஸ். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. சற்று நேரம் கழித்துத் தம்பி தனியாக இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஒரு பலகைய உன் பொடவையாலயே மூடிட்டு, அத்தப் புடிச்சினு நிக்கறாருக்கா மாமா" என்றான். பிறகு, திறந்து கிடந்த பையிலிருந்து மீதிப் புடவைகளை எடுத்து அவனே பீரோவில் வைத்தான்.

கரித்தூள் கறை அந்தப் பட்டில் இன்னும் இருக்கிறது. வேறு துணியே கிடைக்கவில்லையா என்று இப்போதும் திட்டுகிறேன். அவர் சிரிப்பார்.

அடுத்த ஆயுத பூஜையன்று விடியற்காலையில் சந்தனக் கிண்ணத்தோடு மாடிப்படி அடியில் நின்றார். ஏறவில்லை. முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "கம்பத்துல மட்டும் ஒரு பொட்டு வெக்கட்டாமே?" என்று கேட்டார்.

"கிரேனுக்குப் பூசற கையால பலகைக்கே பூசு" என்றேன். "ஒண்ணுக்கு நல்லா அள்ளிப் பூசு. மீதி பதினொண்ணு என்னப் பாத்துக்கும்."

மெதுவாக ஏறிப் போனார். நான் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தேன்.