அக்கா திருத்திய பெயர்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவைப் பொறுமையின் சிகரம் என்றெல்லாம் எழுத நான் தயாராக இல்லை. அக்கா பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில், விவசாயக் கூலி வேலை பார்த்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நடவு நாள்களில் அம்மாவுடன் நாற்று முடி தூக்குவார். மற்ற நாள்களில் பள்ளிக்கூடம். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ படிப்பு?" என்று யாராவது கேட்டால், அப்பா மறுநாள் இன்னும் முன்னதாக வேலைக்குக் கிளம்பிவிடுவார். அப்படித்தான் அக்கா தாவரவியல் படித்துக் கல்லூரி ஆசிரியை ஆனார்.

பட்ட மரத்தில் வாழும் நுண்பூஞ்சைகள்தான் அக்காவின் ஆராய்ச்சி. வாய்க்கால் கரையில் முறிந்து கிடக்கும் பூவரசங்கிளை நமக்கு அடுப்புக்கு ஆகும். அக்காவுக்கோ அதன் பட்டையில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளியைப் பிளேடால் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே நீண்ட பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் வரிசையாக வித்துகள். வித்தின் வடிவம் என்ன, நடுவில் தடுப்புச் சுவர் உண்டா, முனையில் வால் உண்டா என்று பார்த்துத்தான் இது இன்ன பேரினம், இன்ன சிற்றினம் என்று சொல்ல முடியும். எனக்கும் ஒருமுறை காட்டினார். "தெரியுதாடா?" என்றார். என் இமை முடிதான் தெரிந்தது. "தெரியுதுக்கா" என்று சொல்லிவைத்தேன்.

அப்பா காலமான வருடம், அக்கா ஒரு புதிய சிற்றினத்தைக் கண்டுபிடித்ததாக ஆய்விதழில் கட்டுரை வந்தது. அது சேர்ந்த பேரினத்தில் ஏற்கெனவே அறியப்பட்ட இனத்தின் வித்துக்கு இரு முனையிலும் மெல்லிய வால் உண்டு. அக்கா எடுத்ததற்கு வால் இல்லை. ஆகவே தனி இனம். அதற்கு அப்பாவின் பெயரையே வைத்தார். அந்தச் செய்தியை அப்பாவின் நினைவு மலரில் நடுப்பக்கத்தில் பெரிதாக அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தோம். ஒரு குழி நிலம்கூடச் சொந்தமாக இல்லாத மனிதரின் பெயர் அறிவியலில் ஏறிவிட்டது என்று சித்தப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஓர் ஆடி மாதம், வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது. மதகில் ஒரு பூவரசங்கட்டை சிக்கித் தண்ணீரை மறித்தது. நான் இறங்கி இழுத்துப் போட்டேன். ஊருக்கு வந்திருந்த அக்கா வழக்கம்போல் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போனார். மறுநாள் போனில் அவர் குரலே சரியில்லை.

"வால் இருக்குடா" என்றார்.

நடந்தது இதுதான். ஆற்றில் தண்ணீர் நிறுத்திய பிறகு, கோடையில்தான் நம் பக்கத்தில் வாய்க்காலுக்குள் இறங்கிக் கட்டை பொறுக்குவோம். அக்காவுக்கும் அதே பழக்கம். அவர் சேகரித்ததெல்லாம் வெயிலில் காய்ந்த கட்டைகள். அந்த வாலோ பசை போன்றது. காய்ந்தால் சுருங்கி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஈரத்தில் இருக்கும்போதுதான் தெரியும். அப்பாவின் பெயரைத் தாங்கிய இனம் புதியதே அல்ல. முன்பே பெயர் வைத்த பழைய இனம்தான். ஓர் இனத்துக்கு முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பின்னால் வைத்தது விழுந்துவிடும். அதுதான் அந்தத் துறையின் விதி.

ஒரே ஒரு கட்டையை வைத்து முடிவு கட்ட அக்கா சம்மதிக்கவில்லை. மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் இறங்கிக் கட்டை எடுத்தார். ஒவ்வொன்றையும் ஈரத்தில் ஒருமுறை, உலர்த்தி ஒருமுறை பார்த்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த மழைக்காலம் முடியும்போதுதான் புற்றுநோய் என்றும் தெரிந்தது.

தவறைத் திருத்திக் கட்டுரை எழுதப் போவதாக அக்கா வீட்டில் பேச்சை எடுத்தபோது பெரிய சண்டையே வந்தது.

"யாரு கேட்டா ஒன்ன? நீயா ஏம்மா போயிச் சொல்லணும்?" என்றார் சித்தப்பா.

அம்மா அழுதேவிட்டார். "ஒரு பட்டாவுல ஏறாத பேருடி அது. ஏறுன ஒரே எடத்துலேருந்து நீயே எறக்குறேங்கிறியே."

அக்காவும் அழுதார். ஆனால் இறங்கி வரவில்லை. "தப்புன்னு தெரிஞ்ச எடத்துல அப்பா பேர விட்டு வைக்க என்னால முடியாதும்மா" என்றார்.

எனக்கும் கோபம்தான். "ஒடம்பு இருக்குற இருப்புல இது ஒனக்குத் தேவையாக்கா?" என்று கேட்டேன்.

"ஒடம்பு இப்டி இருக்குறதாலதான்டா சீக்கிரம் முடிக்கணும்."

சிகிச்சைக்கு நடுவிலேயே எழுதினார். உட்கார முடியாதபோது அவர் சொல்லச் சொல்ல அத்தான் தட்டச்சு செய்தார். வித்தின் படத்தை மட்டும் யாரிடமும் விடாமல், வாலோடு தானே வரைந்தார். தன் கண்டுபிடிப்பு தவறு என்று தானே நிறுவிய அந்தக் கட்டுரை வெளியானபோது அக்கா படுக்கையில் இருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அடுத்த மாதம் எங்களை விட்டுப் போய்விட்டார்.

தஞ்சாவூர் மருத்துவமனையில் அக்காவைத் தங்கள் வீட்டு மனுஷியாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மழையென்று பாராமல் கட்டை தேடி அலைந்த மாணவர்களுக்கும், அழைத்த நேரத்தில் கார் எடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரில் அந்தச் சங்கதியைத் தொடவே வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் மலரை எடுத்து வரச் சொன்னார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"எந்த வரிடா?"

காட்டினேன். என்னிடம் பேனாவை வாங்கி, அப்பாவின் பெயர் இருந்த அந்த வரியின் மேல் அழுத்திக் கோடு போட்டார். "எல்லார் வீட்லயும் இருக்குமில்ல, எல்லாரையும் அந்த வரிய அடிக்கச் சொல்லி எழுது. என் மவ சொன்னான்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். அப்பாவின் மலர் உங்கள் வீட்டில் இருந்தால், நடுப்பக்கத்தில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.