கிழவியாகும்வரை இருக்கச் சொன்ன வசனம்

நேற்றுக் கண்மாய்க் கரையில் மெஷின் வைத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டினார்கள். பச்சை முள் வாடும்போது ஒரு வாசனை வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறியதும் எனக்குக் காபி இறங்கவில்லை. ஐந்தாவது வரை படித்தவள் நான். எழுத உட்கார்ந்தால் கை வியர்க்கும். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

எனக்குக் கல்யாணமான புதிது. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கூரை போட்ட ஜெபக்கூடத்தில் நாலைந்து குடும்பம் கூடுவோம். ஊர்த் திருவிழாவில் நாங்கள் சேராததில் வம்பு ஆரம்பித்தது. ஒரு காலையில் ஜெபக்கூடத்துக் கூரை பிய்ந்து கிடந்தது. எங்கள் தெருமுனையைப் பச்சைக் கருவேல முள் வெட்டிப்போட்டு அடைத்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டு வீராயி முந்தின நாள்வரை குழம்பு, வெஞ்சனம் என்று கொடுத்து வாங்கியவள். என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வைக்கும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை, அதை விடுங்கள்.

திண்டுக்கல்லுக்கே போய்விடுவது என்று முடிவானது. பேகம்பூர்ப் பக்கம் வீடும் பார்த்தாயிற்று, பாத்திரங்களைச் சாக்கில் கட்டியாயிற்று. எங்கே கிளம்பினாலும் முதலில் வசனம் எடுப்பது எங்கள் வழக்கம். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட இடத்தை வாசிப்போம். அன்றைக்கு விரல் வைத்தவர் எங்களில் மூத்தவரான ராஜகனி அக்கா. எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வழியில் காப்பேன் என்று ஏதாவது வரும் என நினைத்தோம். வந்தது ஒரு தீர்க்கதரிசனம். தீர்க்கதரிசியின் பேரையே தப்பாகத்தான் வாசித்தேன். இடிந்துபோன எருசலேமின் தெருக்களில் கிழவர்களும் கிழவிகளும் கையில் கோலோடு மறுபடி உட்கார்ந்திருப்பார்களாம்.

"என்னடி இது, கெழவி கதை? வேற பக்கம் எடு" என்றாள் என் ஓரகத்தி.

"வேற எடுக்கக் கூடாது" என்றார் ராஜகனி அக்கா. "கெழவியாகணும்னா அம்புட்டு வருசம் உசுரோட இருக்கணும்ல? தெருவுல ஒக்காரணும்னா இங்ஙனயே இருக்கணும்ல?"

"அதுவரைக்கும் முள்ளு கெடக்குமாக்கா?" என்றேன்.

"கெடக்கட்டும். எனக்கு முட்டிவலி இப்பவே வந்துருச்சு. பாதி நெறவேறிருச்சு போ!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். கூரை பிய்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. என் வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "வண்டிக்காரன் நிக்கிறான், என்ன சொல்ல?" என்றார்.

"கெழவியானதும் வாரோம்னு சொல்லுப்பா" என்றார் அக்கா.

எருசலேமுக்குச் சொன்னதை எங்கள் தெருவுக்கென்று எடுத்துக்கொண்டோம். படித்தவர்கள் சிரிக்கலாம். நாங்கள் சாக்கை அவிழ்த்தோம்.

பயம் போய்விடவில்லை. தண்ணீருக்கு வயல்கிணறுவரை நடந்தோம். ஆனால் சாயங்காலமானால் ராஜகனி அக்கா ஒரு கோலை எடுத்துக்கொண்டு தெரு நடுவில் வந்து உட்காருவார், ஒத்திகை பார்க்கிற மாதிரி. நாங்களும் பக்கத்தில் உட்காருவோம். முள் காய்ந்தது. நாளுக்குக் கொஞ்சமாக அதை அடுப்புக்கு இழுத்துப்போனவள் வீராயி. கேட்டதற்கு, "வெறகு இல்லடி, அதான்" என்றாள். அவள் வீட்டோரம் விறகு அடுக்கியிருந்தது எனக்குத் தெரியாதா?

வழி திறந்து எத்தனையோ வருசமாயிற்று. ராஜகனி அக்கா போய்ச் சேர்ந்தார். ஓரகத்தி பிள்ளைகளோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். தெருவில் உட்காருகிற வழக்கமும் போயிற்று, எல்லா வீட்டுக்கும் இரும்புக் கேட். போன ஐப்பசிவரை வீராயி மட்டும் வந்து என் பக்கத்தில் உட்காருவாள். எந்தக் கிழவிகள் என்று வசனத்தில் போட்டிருக்கவில்லை. இப்போது அவளும் இல்லை. ஆனாலும் அவள் இடத்தைக் காலியாக விட்டுத்தான் உட்காருகிறேன்.