பூரா, போரா?

கமருஸ்ஸமானுக்குப் பிரெஞ்சில் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். புதுச்சேரி ஒயிட் டவுன் ஓட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தபோது காதில் விழுந்தவை. அதில் மறக்கவே கூடாது என்று வைத்திருந்த சொல் ‘போர்’. பன்றிக்கறி.

அந்தச் சொல் நபீசாவின் தள்ளுவண்டி முன்னால் அவர் காதில் விழுந்தது.

முல்லா வீதியில் நபீசா விற்பது சாயோ. அரிசித் தாளில் கொத்துக்கறி, மெல்லிய சேமியா வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய குடும்பங்கள் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. அப்படி ஒரு வீட்டில், மதாம் ரொசாலியிடம், சமையல் வேலை செய்தபோது நபீசா கற்றுக்கொண்டார். அங்கே பன்றிக்கறிதான். தனியாக வண்டி போட்டதும் கோழியும் இறாலும் ஆனது. தொட்டுக்கொள்ளப் புதினாச் சட்னியும் சேர்ந்தது.

அன்று ரொசாலி வண்டியருகே நின்று, பாரிசில் இருக்கும் மகனிடம் போனில் பிரெஞ்சில் அரிசித் தாள் அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பல் செட் போடாத வாய்.

“போர் நபீசா! போர் நபீசா!”

கமருஸ்ஸமான் கையிலிருந்த சாயோவை அப்படியே கீழே வைத்தார். மகள் இஃப்ஃபத்தின் கல்யாணத்துக்கு இதைத்தான் சொல்லியிருந்தார். அதன்பின் நபீசா கறி வாங்கும் கடைவரை பின்னாலேயே போய்ப் பார்த்தார். கோழிதான். வீட்டில் வேறு ஏதாவது கலந்தால்?

“நபீசா, கல்யாணத்துக்கு சாயோ வேணாம்.”

“ஏண்ணே?”

“உன் மதாமே சொன்னாங்க, என் காதால கேட்டேன். போர்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

இந்தப் பேச்சு தெருவில் பரவினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். நபீசா உடனே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“மதாம், அன்னிக்கு உங்க புள்ளகிட்ட என்ன சொன்னீங்க?”

“பூர் நபீசா. நபீசாவுக்குன்னு சொன்னேன். ஏன், தாள் வரலையா?”

“இங்க ஒருத்தருக்கு போர்னு கேட்டுச்சாம்.”

“யாருடி அது? பொக்கை வாயில பன்னி தேடுறவன்!”

கமருஸ்ஸமான் தொண்டையைச் செருமினார். “சரி, போடு. ஆனா அன்னிக்கு நான் அடுப்புகிட்டயே நிப்பேன்.”

“நில்லுங்கண்ணே. சும்மா நிக்காம தாளை நனைச்சுக் குடுங்க.”

கல்யாணத்தன்று சொன்னபடியே நின்றார். தாளை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு தட்டையும் மோந்து பார்த்த பிறகே பந்திக்கு விட்டார். பிரியாணிப் பக்கம் தலைகூடக் காட்டாத பெண்ணின் தகப்பன், இதை மட்டும் ஏன் காவல் காக்கிறார்? பந்தியில் கிசுகிசு கிளம்பியது. சாயோவை எடுத்த கைகள் திரும்ப வைத்தன.

சம்மந்தியே வந்துவிட்டார். “என்ன சம்மந்தி, இதுல ஏதாச்சும் இருக்கா?”

“சேச்சே, சுத்தமான கோழி!”

“அப்ப நீங்க ஏன் தின்னல?”

நபீசா ஒன்றை எடுத்து நீட்டினார். சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது. கூட்டமே பார்த்தது. கமருஸ்ஸமான் முழுசாக வாயில் போட்டார்; கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஒண்ணு கணக்கில்ல,” என்றார் சம்மந்தி.

இரண்டாவதையும் தின்றார். தட்டுகள் நகர ஆரம்பித்தன.

நபீசா மூன்றாவதை நீட்டினார்.

“இது பூர் அண்ணன்.”