பச்சை என்றால் ஐந்து

என் கணவருக்குச் சில நிறங்கள் பிடிபடாது. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே மங்கல். மஞ்சளும் பச்சையும் அருகருகே இருந்தாலும் தடுமாறுவார். கல்யாணமான மூன்றாவது மாதம் அது எனக்குத் தெரிந்தது. சித்தூரில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய ரேடியோ ரிப்பேர் கடை. ஒரு நாள், கட்டைவிரல் நகம் அளவுள்ள கண்டன்சர் என்ற ரேடியோ உதிரி ஒன்றை என் கையில் வைத்து, "இதுல இன்னா கலரு இருக்குது, சொல்லு" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பெரிய கண்டன்சர்களில் அளவும் வோல்ட்டும் எண்ணாகவே அச்சடித்திருக்கும். அவற்றை அவரே படித்துவிடுவார். மாற்றும்போது அளவு அதேயாக இருக்க வேண்டும், வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. சின்ன மைக்கா கண்டன்சர்களில்தான் எழுத்தே கிடையாது. மூன்று நிறப் புள்ளிகள், எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று காட்ட ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். கருப்பு சுழியம், காப்பிக்கலர் ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் நான்கு, பச்சை ஐந்து. முதல் இரண்டு புள்ளிகளும் எண்கள். மூன்றாவது புள்ளி, பின்னால் எத்தனை சுழியம் போட வேண்டும் என்று சொல்லும். பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவள், ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் எண்ணைச் சொன்ன பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்க்காமல் கொடுத்ததில்லை.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். தெரிந்தால் ஒருவரும் ரேடியோவைக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை. அதனால் எங்கும் போகவும் முடியவில்லை. பிரசவத்துக்கு நகரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோதுகூட, பஸ் கண்டக்டர் கையில் வாரம் இரண்டு பொட்டலம் வந்துவிடும். குழந்தை பிறந்த நான்காம் நாள் படுத்தபடியே எண்களை எழுதி அனுப்பினேன். மாப்பிள்ளை ஏதோ மருந்து அனுப்புகிறார் என்று அம்மா எதிர்வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்த சமயம், திருப்பதியில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேரும்படி எனக்குக் கடிதம் வந்தது. ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லையில் எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். எல்லை முடிவான பிறகு தமிழ் படித்த பெண்களை இந்தப் பக்கம் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று என் நைனா பயந்தார். இந்த முறை விட்டால் போச்சு என்று எழுதியிருந்தார். திருப்பதியில் இருக்கும் நாத்தனார் எனக்கு இடம் கொடுத்துக் குழந்தையையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகலாம். ஆனால் ரேடியோ கொடுத்தவர்கள் ஞாயிறுவரை காத்திருக்க மாட்டார்கள்.

கணவர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஒரு வாரம் நீ இல்லன்னு வச்சிக்கினு பாக்கலாம்" என்றார்.

நானும் முழுமனதோடு ஏற்பாடு செய்தேன். கையிருப்பில் இருந்த கண்டன்சர்களைத் தீப்பெட்டிகளில் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் எண்ணை எழுதி ஒட்டினேன். பழுதான ரேடியோவிலிருந்து எடுக்கும் கண்டன்சரின் நிறத்தை மட்டும் யாராவது சொன்னால் போதும். எதிரே இருந்த தையல்காரர் நாள் முழுவதும் நூலுக்கும் துணிக்கும் நிறம் சேர்ப்பவர், தெலுங்குக்காரர், நல்ல மனிதர். ஈயம் பற்றவைக்கும் புகையில் கண் எரிகிறது என்று சொல்லி அவரிடம் கேட்பதாக ஏற்பாடு.

அந்த வாரம் வந்தது ஒரே ஒரு மைக்கா கண்டன்சர்தான். எல்லையோரக் குடிபாலாவில் நிலம் வைத்துக்கொண்டு டவுனில் குடியிருந்த ஒருவருடைய ரேடியோவில், நிலையங்களை அதனதன் இடத்தில் நிறுத்தி வைக்கிற கண்டன்சர் விரிசல் விட்டிருந்தது. நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். தையல்காரர் சொல்வது காதில் விழுந்தது.

"பச்ச அன்னா. அப்புறம் நலுப்பு. கடசி காப்பி ரங்கு."

பச்சை, கருப்பு, காப்பி. ஐந்நூறு. தீப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் இதே தையல்காரர் என் குழந்தையின் மஞ்சள் சட்டையைப் பச்ச சொக்கா என்றார். தெலுங்கில் இலையும் பச்சதான், மஞ்சளும் பச்சதான். கையில் அரிசிப் பாத்திரத்தோடு எழுந்து வாசற்படிவரை போனேன். போய்ப் பார்த்தால் நான் இல்லாத வாரம் என்பது பொய்யாகிவிடும். தையல்காரர் சரியாகவே பச்சையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். இப்படி நினைத்துத் திரும்பி வந்தேன். அடுப்பருகே வந்ததும் மறுபடி எழுந்தேன். அதற்குள் ரேடியோ பாடத் தொடங்கிவிட்டது. பாடுகிறதே என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை குடிபாலாக்காரர் ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா செஞ்சு வச்சிருக்கற? எங்க ஊரு அந்தாண்ட போவுதா இந்தாண்ட இருக்குதான்னு நூஸ் கேக்கலாம்னு குந்துனா, மெட்ராஸ் இருந்த எடத்துல மெட்ராஸக் காணோம். ஊரு போறதுக்கு முன்னாடி நீ ஸ்டேசனையே நவுத்திட்டியே."

கணவர் குமிழைத் திருகிப் பார்த்தார். வேறோர் இடத்தில் மெட்ராஸ் மெலிசாகக் கேட்டது. மேசைமேலிருந்த தட்டில் பழைய கண்டன்சரைத் தேடி எடுத்தார். அதை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, வந்தவர் முன்னாலேயே உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"இந்தாம்மே, இங்க வா."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"மஞ்சள், கருப்பு, காப்பி. நானூறு" என்றேன்.

மாற்றிப் போட்டதும் மெட்ராஸ் தன் இடத்துக்கு வந்துவிட்டது. குடிபாலாக்காரர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"கடைய தங்கச்சிதான் நடத்துதா?"

"பாதிக் கட அதுதான்" என்றார் கணவர். வெளி ஆள் முன்னால் அவர் என்னைப் பற்றி அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகும்.

அன்று பகல் முழுவதும் ஒரே யோசனை. தையல்காரரிடம் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் போதும், மஞ்சள் பச்சையா, இலைப் பச்சையா என்று. தெலுங்குக்காரர்களே சந்தேகம் வந்தால் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். அதைக் கணவரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறலாம். சாப்பாடு போடும்போது சொல்லலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நான் போன பிறகும் கடை நடந்தால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று. அவருக்காகச் சொல்லாமல் இருந்தேனா, எனக்காகவா, இன்றும் தெரியவில்லை.

சேர வேண்டிய திங்கட்கிழமை காலை அவரே கேட்டார்.

"திருப்பதி பஸ்ஸு ஏழு மணிக்குத்தானே? பையத் தூக்கிக்கினு வரட்டா?"

குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்றேன். அவர் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார். முன்னறைக்குப் போய் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கரியடுப்பில் வைத்தார். நானும் குழந்தையின் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது போலத்தான் இருந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். சுடவில்லை. பஸ் போகும் நேரம்வரை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.